குறைந்தபட்ச ஊதியத்தை மூன்று தவணையில் எட்டலாமா?

கேள்வி: தில்லி முனிர்காவில் பதினான்கு வருடமாக மெஸ் நடத்துகிறேன். சரக்கு மாஸ்டர் ஒருவர், தோசை மாஸ்டர் ஒருவர், சப்ளையர் மூன்று பேர், பாத்திரம், மேஜை, காய் நறுக்குவது என்று ஐந்து பேர், கல்லாவில் பிளஸ் டூ படித்த பெண் ஒருத்தி, ஆக மொத்தம் பதினோரு பேர். மாஸ்டர்களுக்கு 20,000, சப்ளையர்களுக்கு 15,000, மற்ற ஐவருக்கு 12,500, கல்லாவுக்கு 18,000 கொடுக்கிறேன். மூன்று வேளைச் சாப்பாடும் மாடியில் தங்க இடமும் இலவசம். வருடத்துக்கு 500 ரூபாய் ஏற்றிவிடுவேன். எல்லோருக்கும் இஎஸ்ஐ கட்டுகிறேன். ஒரு நாளைக்குப் பத்து மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் லீவு. டிபனும் சாப்பாடுமாக நாளுக்கு 400 தட்டு போகும், தட்டுக்குச் சராசரி 90 ரூபாய். போன மாதம் பக்கத்துக் கடைக்கு லேபர் ஆபீசிலிருந்து வந்து போனார்கள். அரசாங்கம் சொல்லும் சம்பளத்துக்கு ஒரேயடியாக ஏற்றினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். கலிபோர்னியாவில் இருக்கும் என் அண்ணன் மகன், அங்கே குறைந்தபட்சக் கூலியை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினார்கள், சின்னக் கடைகளுக்கு ஒரு வருடம் தள்ளியும் கொடுத்தார்கள் என்கிறான். நானும் ஆறு மாதத்துக்கு ஒன்றாக மூன்று தவணையில் ஏற்றலாமா? பையன்கள் சம்மதம் என்று கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள்.

பதில்: உங்கள் அண்ணன் மகன் சொன்னது சரி. ஆனால் அதை வைத்து நீங்கள் போட்டிருக்கும் திட்டம் சட்டப்படி நிற்காது. சட்டம் குறித்த அளவை எட்டுவதற்குத் தவணை கிடையாது. வேறு மூன்று இடங்களில் தவணைக்கு வழி இருக்கிறது. அவற்றைச் சரியாகப் பயன்படுத்தினால் கடையை மூட வேண்டிய அவசியம் வராது. உங்கள் எண்களை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் கலிபோர்னியா. அங்கே 2016-இல் சட்டம் போட்டு, மணிக்கு 10 டாலராக இருந்த கூலியை 2017-இல் 10.50, 2018-இல் 11, பிறகு ஆண்டுக்கு ஒரு டாலர் வீதம் ஏற்றி 2022-இல் 15 டாலர் என்று அட்டவணை வகுத்தார்கள். 25 பேர் அல்லது அதற்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு படியும் ஓராண்டு தாமதம். அதாவது தவணையைக் கொடுத்தது சட்டமே. சின்னக் கடைக்காரர் ஒருவர் அந்த ஆண்டுக்குரிய படிக்குக் கீழே கொடுத்திருந்தால் அங்கேயும் அது குற்றம்தான்.

தில்லியிலும் ஏற்றம் படிப்படியாகத்தான் நடக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. அடிப்படை அளவை ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் அரசு மறுஆய்வு செய்ய வேண்டும். நடுவில் விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 1-இலும் அக்டோபர் 1-இலும், அகவிலைப்படி சேரும். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டின் ஆறு மாதச் சராசரியை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். 2024 அக்டோபரில் திறன் சாராத வேலைக்கு மாதம் 18,066 ரூபாய், 2025 ஏப்ரலில் 18,456 ரூபாய். ஆறு மாதத்தில் ஏறியது 390 ரூபாய், சதவீதத்தில் இரண்டே சொச்சம்.

ஒரேயடியாகத் தாண்டப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் தில்லியிலேயே உதாரணம் உண்டு. 2017 மார்ச்சில் திறன் சாராதவர்களுக்கான ஊதியம் 9,724-இலிருந்து 13,350-க்கு, அதாவது 37 சதவீதம், உயர்த்தப்பட்டது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். ஆலோசனைக் குழு அமைக்கப்பட்ட முறை சரியில்லை, தரவுகளைச் சரிவரப் பரிசீலிக்கவில்லை என்று 2018 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் போய், நடைமுறையை மறுபடி முதலிலிருந்து செய்து, 2019 அக்டோபரில்தான் 14,842 என்ற அளவு உறுதியானது. இரண்டரை வருடத்துக்கு மேல் இரு தரப்பும் எந்த எண்ணை நம்புவது என்று தெரியாமல் திண்டாடின. தொகை பெரிது என்பதற்காக அது விழவில்லை, போன வழி பிசகியதால் விழுந்தது. ஆனால் வருடக்கணக்கில் உயர்த்தாமல் விட்டுவிட்டு ஒரே மூச்சில் பிடிக்கப் போனால் எதிர்ப்பும் வழக்கும் வந்தே தீரும் என்பது என் கருத்து. அந்த 14,842-இலிருந்துதான் அரை ஆண்டுக்கு ஒரு சிறு படியாக ஏறி 18,456 வந்தது.

இதில் உங்கள் கடை எங்கே பின்தங்கியது என்று பாருங்கள். 2019 அக்டோபர் முதல் 2025 ஏப்ரல் வரை ஐந்தரை ஆண்டில் அரசு அளவு ஏறியது 3,614 ரூபாய், ஆண்டுக்குச் சராசரி 657. நீங்கள் ஏற்றியது ஆண்டுக்கு 500. நல்ல மனதோடுதான் செய்தீர்கள், ஆனால் ஒவ்வொரு வருடமும் இடைவெளி 157 ரூபாய் கூடிக்கொண்டே போயிருக்கிறது. உங்கள் மூன்று தவணைத் திட்டத்துக்கும் இதே கதிதான். பாத்திரம் கழுவுபவருக்கு இன்று குறைவது 5,956 ரூபாய். அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 1,985 ரூபாய் வீதம் ஏற்றினால் மூன்றாவது தவணை கொடுக்கும் நாளில் அரசு அளவு இன்னும் இரண்டு மூன்று படி மேலே போயிருக்கும். படிக்கு 390 என்றே வைத்தாலும் 800 முதல் 1,200 ரூபாய் மறுபடி பாக்கி நிற்கும்.

கையெழுத்து விஷயத்தில் தெளிவாக இருங்கள். சட்ட அளவுக்குக் குறைவாக வாங்கச் சம்மதம் என்று தொழிலாளி எழுதிக் கொடுப்பது செல்லாது. உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் வெற்றுத் தாள்தான். பழைய 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும் அப்படித்தான், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான். கடைக்குக் கட்டுப்படியாகாது என்ற வாதத்தையும் நீதிமன்றம் கேட்பதில்லை. குறைந்தபட்ச ஊதியத்தில் முதலாளியின் சக்தியைப் பார்க்க வேண்டியதில்லை என்று உண்ணிச்சோயி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-இலேயே சொல்லிவிட்டது. தில்லியில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டியவர்கள் தொடர்பான வழக்கில் இன்னும் கடுமையாகச் சொன்னது: குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு. கையெழுத்து வாங்கி வைத்திருந்தால், குறைவு என்று தெரிந்தே கொடுத்தீர்கள் என்பதற்கு நீங்களே சாட்சி சேர்த்து வைத்தது போல ஆகும்.

இப்போது கணக்கு. கீழே இருப்பது 2025 ஏப்ரல் 1 முதலான தில்லிப் பட்டியல். சம்பளம் போடும் நாளில் நடப்பில் இருக்கும் ஆணையை எடுத்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

திறன் சாராதவர் 18,456. அரைத்திறன் 20,371. திறன் பெற்றவர் 22,411. எழுத்து, மேற்பார்வை வேலையில் மெட்ரிக் முடித்துப் பட்டம் பெறாதவருக்கும் 22,411. உங்கள் ஐந்து உதவியாளர்கள் முதல் வகை. சப்ளையர்களை அரைத்திறனில் வையுங்கள். மாஸ்டர்கள் இருவரும் திறன் பெற்றவர்கள், இதில் பேச்சே இல்லை. சாம்பாரின் பதம் பார்த்து, நாளைக்கு எவ்வளவு அரிசி உளுந்து ஊறவேண்டும் என்று தானே முடிவெடுத்து, தனிப் பொறுப்பில் அடுப்படியை நடத்துபவரைப் பதிவேட்டில் ஹெல்பர் என்று எழுதும் பழக்கம் பல கடைகளில் உண்டு. ஆய்வுக்கு வருபவர் கேட்கும் முதல் கேள்வியே யார் சமைக்கிறார்கள் என்பதுதான். கல்லாப் பெண்ணுக்குக் கடைசி எண்.

குறைவது எவ்வளவு? மாஸ்டர்கள் இருவருக்கும் தலா 2,411, சேர்த்து 4,822. சப்ளையர்கள் மூவருக்கும் தலா 5,371, சேர்த்து 16,113. உதவியாளர்கள் ஐவருக்கும் தலா 5,956, சேர்த்து 29,780. கல்லாவுக்கு 4,411. ஆக மாதம் 55,126 ரூபாய். உங்கள் சம்பளச் செலவு 1,65,500-இலிருந்து 2,20,626 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். இந்த எண்ணைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறீர்கள். ஆனால் தட்டுக் கணக்கில் பாருங்கள். நாளுக்கு 400 தட்டு, மாதம் 12,000 தட்டு. 55,126-ஐ அதால் வகுத்தால் தட்டுக்கு 4 ரூபாய் 60 பைசா. 90 ரூபாய்த் தட்டில் இது ஐந்து சதவீதம் சொச்சம். சம்பளம் 33 சதவீதம் ஏறினால் விலையும் 33 சதவீதம் ஏற வேண்டும் என்று பலர் மனக்கணக்குப் போடுகிறார்கள். உங்கள் விற்பனையில் சம்பளத்தின் பங்கு 15 சதவீதம்தான், மீதி அரிசி, காய், எண்ணெய், சிலிண்டர், வாடகை. அதனால்தான் தட்டின் மேல் விழும் பாரம் இவ்வளவு சிறியது.

சாப்பாடும் தங்க இடமும் கொடுக்கிறேனே, அதைக் கழிக்கக்கூடாதா என்று அடுத்துத் தோன்றும். தங்குமிடம், மின்சாரம், தண்ணீர் இவற்றின் மதிப்பு ஊதியம் என்ற வரையறைக்குள்ளேயே வராது. வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று பிரித்துக் காட்டும் தொகையும் வெளியேதான் நிற்கும், ஆகவே 13,000 ஊதியம், 5,456 படி என்று எழுதி 18,456-ஐ எட்டியதாகக் காட்டாதீர்கள். வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸும் சேராது. ஊதியத்துக்குப் பதிலாகப் பொருளாகக் கொடுப்பதில் மொத்த ஊதியத்தின் 15 சதவீதம் வரை ஊதியமாகக் கருத புதிய சட்டத்தில் இடம் உண்டு. 18,456-இல் அது 2,768 ரூபாய். இதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். பதினான்கு வருடமாக இலவசம் என்று போட்ட சாப்பாட்டை இன்று சம்பளத்தின் பகுதி என்று மாற்றுவது பணி நிபந்தனையை மாற்றுவதாகும், அதற்கு 21 நாள் முன்னறிவிப்பும் கடிதமும் வேண்டும், தட்டுக்கு என்ன விலை போட்டீர்கள் என்ற வழக்கும் வரலாம். அதற்கு மேல், சமைத்துப் பரிமாறுபவனின் சோற்றுக்கு விலை போடும் கடை என்ற பேர் வந்தால் நல்ல மாஸ்டர் யாரும் தங்க மாட்டார்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது சம்பளம் அல்ல, பத்து மணி நேரம் என்ற ஒரு வரிதான். ஆறு நாளும் பத்து மணி என்றால் வாரம் 60 மணி. இயல்பான வேலை நேரம் வாரம் 48 மணி. மீதி 12 மணிக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும். கணக்கு இப்படி: 18,456-ஐ 26-ஆல் வகுத்தால் நாள் கூலி 710. எட்டால் வகுத்தால் மணிக்கு 88 ரூபாய் 75 பைசா. இரட்டிப்பு 177 ரூபாய் 50 பைசா. வாரம் 12 மணி என்பது மாதச் சராசரியில் 52 மணி. ஆக ஓர் உதவியாளருக்கு மாதம் 9,230 ரூபாய் மிகைநேரக் கூலி. நீங்கள் பயந்துகொண்டிருக்கும் 5,956-ஐ விட இது பெரிது. பதினோரு பேருக்கும் உதவியாளருக்கான இந்தக் குறைந்த கணக்கையே போட்டாலும் மாதம் லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. சம்பளத்தைச் சரிசெய்துவிட்டு நேரத்தை அப்படியே விட்ட கடைகள்தான் பிறகு மாட்டிக்கொள்கின்றன. ஏனென்றால் அடிப்படை ஊதியம் ஏற ஏற மிகைநேரக் கூலி அதன் இரண்டு மடங்கு வேகத்தில் ஏறும்.

ஆகவே நேரத்தைக் குறையுங்கள். பதினோரு பேர் வாரத்துக்கு 660 மணி வேலை செய்கிறார்கள். 48 மணி வீதம் 528. துண்டு விழுவது 132 மணி, அதாவது ஏறத்தாழ மூன்று ஆள். மூன்று உதவியாளர்களைச் சேர்த்தால் 55,368 ரூபாய், முதலாளி பங்கு இஎஸ்ஐ 3.25 சதவீதமும் சேர்த்து 57,168. மிகைநேரக் கூலி கொடுப்பதைவிட இது பாதிச் செலவு. மெஸ்ஸில் வேலை சீராக ஓடுவதில்லை. காலை டிபன் முடிந்து மதியச் சாப்பாடு ஏறும் வரையும், மூன்று மணிக்கு மேலும் பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரையும் ஒரே நேரத்தில் வரச்சொல்லி ஒரே நேரத்தில் அனுப்பாமல், விடியற்காலை மாவும் டிபனும் பார்ப்பவர்கள் மதியச் சாப்பாட்டோடு கிளம்பும்படியும், மதியம் வருபவர்கள் இரவு பாத்திரம் கழுவி முடிக்கும்படியும் இரண்டு அணியாக்குங்கள். மதியம் இரு அணியும் சேர்ந்து இருக்கும். இப்படிச் செய்தால் இரண்டு பேர் சேர்த்தாலே போதும் என்ற நிலை வரலாம். மாஸ்டர்களுக்கு மட்டும் மாற்று ஆள் கிடைப்பது கஷ்டம். அவர்களில் ஒருவருக்குக் கீழே ஒரு சப்ளையரைப் பழக்குங்கள், பழகியதும் சம்பளத்தை அடுத்த வகைக்கு ஏற்றுங்கள்.

மூன்று பேரையே சேர்த்தாலும் மொத்தக் கூடுதல் 55,126-உம் 57,168-உம் சேர்ந்து 1,12,294. தட்டுக்கு 9 ரூபாய் 36 பைசா. பத்து ரூபாய் விலை ஏற்றம். முதல் தவணைக்கு இடம் இங்கே இருக்கிறது. விலையை நீங்கள் படிப்படியாக ஏற்றலாம், யாரும் கேட்க மாட்டார்கள். முனிர்காவில் உங்களிடம் சாப்பிட வருவது பெரும்பாலும் மாணவர்களும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களும். பத்தை ஒரே நாளில் ஏற்றினால் அடுத்த தெருவுக்குப் போவார்கள். சம்பளம் ஏறும் மாதத்தில் ஐந்து, மூன்று மாதம் கழித்து மூன்று, அதன்பின் இரண்டு என்று போகலாம். மாதச் சாப்பாட்டு டோக்கன் வாங்குபவர்களுக்கு ஒரு மாதம் முன்பே பலகையில் எழுதிப் போடுங்கள். நடுவில் துண்டு விழும் தொகைக்கு, தட்டுக்கு 4 ரூபாய் 36 பைசா வீதம் முதல் மூன்று மாதத்துக்கே ஒன்றரை லட்சத்துக்குச் சற்று அதிகமாக, வங்கி ஓவர்டிராஃப்ட் எடுப்பது நல்லது. மளிகைக்காரரிடம் கடன் சொன்னால் அவர் விலையில் ஏற்றிவிடுவார்.

இரண்டாவது இடம் பழைய பாக்கி. புதிய சட்டத்தில் குறைவூதியத்துக்கு உரிமை கோர மூன்று ஆண்டு அவகாசம், பழைய சட்டத்தில் ஆறு மாதம்தான். அதிகாரி பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை ஈட்டுத்தொகையும் விதிக்கலாம். கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையது, தொழிலாளியுடையது அல்ல. எனவே பாக்கியை இப்போதே கணக்கிட்டு எழுதுங்கள். அந்தந்த மாதத்தில் இருந்த பட்டியல், அந்தந்த மாதம் கொடுத்த சம்பளம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். உதாரணமாக 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை உதவியாளர் ஒருவர் 12,000 வாங்கியிருந்தால், 18,066-இல் அதைக் கழிக்க 6,066, ஆறு மாதத்துக்கு 36,396 ரூபாய். பலர் செய்யும் பிழை, இன்றைய பட்டியலை மூன்று வருடத்துக்கும் போட்டுத் தொகையைப் பார்த்து மயங்கிவிடுவது, அல்லது கணக்கே போடாமல் ஆளுக்குப் பத்தாயிரம் கொடுத்து முடித்துவிட்டதாக நினைப்பது. முழுக் கணக்கையும் ஒவ்வொருவருக்கும் காட்டி, மாதம் இவ்வளவு என்று பாக்கிக்குத் தவணை எழுதுங்கள். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னால் எழுதினால் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. அதில் மீதியைத் தள்ளுபடி செய்கிறேன் என்ற வரி ஒன்றும் இருக்கக்கூடாது, இருந்தால் அந்த வரி செல்லாது. தவணையை வங்கிக் கணக்கில் போடுங்கள், விவரக் குறிப்பில் பாக்கி என்று எழுதுங்கள். மாதச் சம்பளத்தோடு சேர்த்து ஒரே தொகையாகப் போட்டால் பிறகு அதுவே சம்பளம் என்று ஆகிவிடும்.

மூன்றாவது இடம் சட்ட அளவுக்கு மேலே. இதுவரை மாஸ்டருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் 7,500 ரூபாய் வித்தியாசம். பட்டியல்படி கொடுத்தால் அது 3,955 ஆகச் சுருங்கும். பதினான்கு வருடம் அடுப்படியில் நின்றவருக்கு இது உறைக்கும். முகத்தைத் தூக்கிவைப்பார், பிறகு கரோல் பாக்கில் எங்காவது சொல்லிவைத்துப் போய்விடுவார். குறைந்தபட்ச ஊதியம் ஏறும்போது கடைகள் நொடிப்பது பெரும்பாலும் கீழே இருப்பவரின் சம்பளத்தால் அல்ல, மேலே இருப்பவர் கோபித்துக்கொண்டு போவதால்தான். மாஸ்டர்களுக்கு 22,411-ஐ உடனே கொடுத்துவிட்டு, அதற்கு மேல் 800, 800, 900 என்று மூன்று அரையாண்டில் 2,500 ரூபாய் சேர்ப்பதாக இப்போதே எழுதிக் கொடுங்கள். அரசு அகவிலைப்படி தனி, இது தனி என்று கடிதத்தில் தெளிவாக இருக்கட்டும். இல்லையென்றால் அக்டோபரில் அரசு ஏற்றிய 400-ஐ இந்த 800-இல் கழித்துக்கொண்டதாக ஒருவரும், கழிக்கக்கூடாது என்று மற்றவரும் சண்டை போடுவீர்கள். சப்ளையர்களில் மூத்தவருக்கும் இதேபோல் சிறு தொகை வையுங்கள்.

இனி, ஏற்றத்தால் இடம் மாறும் மற்ற கணக்குகள். இஎஸ்ஐ வரம்பு மாதம் 21,000 ரூபாய். 22,411 ஆனதும் மாஸ்டர்கள் இருவரும் கல்லாப் பெண்ணும் அந்த வரம்பைத் தாண்டுகிறார்கள். உடனே நீக்கிவிடாதீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற இரண்டு சந்தா காலங்களில், காலம் தொடங்கும்போது வரம்புக்குள் இருந்தவருக்கு அந்தக் காலம் முடியும் வரை உயர்ந்த சம்பளத்தின் மேல் கட்டியே ஆக வேண்டும், உங்கள் பங்கு 3.25, அவர் பங்கு 0.75 சதவீதம். அதன்பின் அவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். இஎஸ்ஐ மருத்துவமனையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு, ஆகவே வெளியே வரும் தேதிக்கு முன்பே மூவருக்கும் குடும்ப மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுங்கள். வரம்புக்குள் நிறுத்துவதற்காக 20,900 என்று எழுதிக் கொடுத்தால் அது மறுபடி குறைவூதியம்.

பணிக்கொடை பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் உங்களுக்குப் பொருந்தும். அது கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்து, கடந்த ஆண்டுகள் அனைத்துக்கும் கணக்கிடப்படுகிறது. பதினான்கு ஆண்டு இருந்த மாஸ்டருக்கு 20,000 சம்பளத்தில் 1,61,538 ரூபாய், 22,411-இல் 1,81,012 ரூபாய். ஒவ்வொரு சம்பள ஏற்றமும் பழைய வருடங்களையும் சேர்த்து ஏற்றும் என்பதால் இதற்குத் தனியாக ஒதுக்கி வையுங்கள். பிஎஃப் இருபது பேரில் தொடங்கும். ஆள் சேர்க்கும்போது பதினான்கில் நிற்கிறீர்கள், அந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

அபராதம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். குறைத்துக் கொடுத்ததற்கு முதல் முறை 50,000 ரூபாய் வரை. ஐந்தாண்டுக்குள் மறுபடி நடந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவேடு போன்ற மற்ற மீறல்களுக்கு, வழக்குப் போடும் முன் சரிசெய்ய எழுத்து மூலம் ஒரு வாய்ப்பு ஆய்வாளர் தர வேண்டும், குறித்த நாளுக்குள் சரிசெய்தால் வழக்கு இல்லை; குறைத்துக் கொடுத்ததற்கு அந்த வாய்ப்பு கிடையாது. மற்ற மீறல்களிலும் அது ஒரு முறைக்குத்தான், ஐந்தாண்டுக்குள் மறுபடி நேர்ந்தால் கிடைக்காது. ஆகவே பக்கத்துக் கடைக்கு வந்தவர்கள் உங்கள் கடைக்கு வரும் முன் நீங்களே சரிசெய்துவிடுங்கள்.

அரசிடம் படிப்படியாக ஏற்றுங்கள் என்று சொல்லவும் உங்களுக்கு வழி இருக்கிறது. அடிப்படை அளவை மறுஆய்வு செய்யும்போது அரசு ஒன்று குழு அமைக்க வேண்டும், அல்லது வரைவை வெளியிட்டு இரண்டு மாதமாவது கருத்துக் கேட்க வேண்டும். உணவகக்காரர்கள் அப்போது வாய் திறக்காமல் இருந்துவிட்டு இறுதி ஆணை வந்ததும் புலம்புகிறார்கள். கடிதம் எழுதும்போது வியாபாரம் படுத்துவிட்டது என்று எழுதினால் பயன் இல்லை, சக்தியைப் பார்க்க வேண்டியதில்லை என்று ஏற்கெனவே தீர்ப்பு இருக்கிறது. எத்தனை ஆள், விற்பனையில் சம்பளம் எத்தனை சதவீதம், முன்மொழிந்த அளவு ஒரே நாளில் வந்தால் தட்டு விலை எவ்வளவு ஏறும், இரண்டு கட்டமாக வந்தால் எவ்வளவு, நடைமுறைத் தேதியை முன்கூட்டியே அறிவித்தால் என்ன வசதி என்று எண்களோடு எழுதுங்கள். தொழிலாளர் பக்கத்து நியாயத்தையும் மனதில் வையுங்கள். 1957-இல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த முறையில், மூன்று நுகர்வு அலகுக்கு (கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகளைப் பெரியவர் கணக்கில் மாற்றினால் வரும் எண்) அலகுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, எரிபொருள் வகையறாவுக்கு 20 சதவீதம் என்றுதான் கணக்கு தொடங்குகிறது. பிள்ளைகள் படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்காக 25 சதவீதத்தை 1991-இல் உச்ச நீதிமன்றம் சேர்த்தது. முனிர்காவில் ஒற்றை அறைக்கு என்ன வாடகை என்று உங்களுக்கே தெரியும். உங்கள் ஆட்கள் மாடியில் தங்குவதால்தான் 12,500-இல் ஓடுகிறது. அவர்கள் மனைவி மக்களை ஊரிலிருந்து அழைத்து வந்தால் ஓடாது.

நொய்டாக் கடைக்காரர் குறைவாகக் கொடுக்கிறாரே என்று யாராவது சொல்வார்கள். அவருக்கு உத்தரப் பிரதேசப் பட்டியல், குருகிராமுக்கு ஹரியானாப் பட்டியல். வேலை எங்கே நடக்கிறதோ அந்த ஊர்ப் பட்டியல்தான், ஆள் எங்கே குடியிருக்கிறார் என்பது பொருட்டல்ல.

அடுத்த மாதம் 7-ஆம் தேதி, அதாவது சம்பளம் கொடுக்கக் கடைசி நாள், இதைச் செய்யுங்கள். பதினோரு பேருக்கும் முழு அளவு வங்கியில் ஏறட்டும். வகை, நாள், மிகைநேரம், பிடித்தம், கையில் வந்தது என்று ஐந்து வரியில் ஊதியச் சீட்டு கொடுங்கள், தமிழிலும் இந்தியிலும். முன்பணம் வாங்கியவர்களிடம் பிடிப்பதைத் தனி வரியில் எழுதுங்கள், இதுவரை சிட்டையில் இருந்தது இனிப் பதிவேட்டில் இருக்கட்டும். வருகைப் பதிவேட்டில் வந்த நேரமும் போன நேரமும் அவர்கள் கையாலேயே எழுதட்டும். பட்டியலைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். ஏப்ரல், அக்டோபர் ஆணைகள் சில சமயம் தாமதமாக வந்து பழைய தேதியிலிருந்து செல்லுபடியாகும், அதற்காக ஆளுக்கு மாதம் 400 ரூபாய் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். பதினான்கு பேருக்கு 5,600. ஆணை வந்த மாதமே வித்தியாசத்தை அதிலிருந்து கொடுத்து முடித்துவிடலாம்.